கொம்பைச் சூடாக்கலாகாது

இலங்கைத் தீவில் கொம்பை முறைப்படி ஊதத் தெரிந்த ஒரே மனிதர் தாமே என்று மிஸ்டர் நோபர்ட் 1976ஆம் ஆண்டு மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அறிவித்தார். அவர் அதுவரை கொம்பை வாயில் வைத்ததில்லை. அதையே தமது முதல் தகுதியாகவும் சொன்னார்.

"ஊதிப் பழகினவன் அத்தன பேரும் கெட்ட பழக்கத்தோட ஊதுறான். எங்கிட்ட ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. ஏன்னா நான் ஊதினதே கிடையாது."

எல்கடுவைக்கு மேலே, ஊசிமலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், விடியற்காலைப் பனியில், கூடையும் கம்பளியுமாக நின்ற நூற்று நாற்பது பேர் இதைக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து சிரிப்பதற்கு முன்னால் சுற்றறிக்கை ஏதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்திருந்தது.

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற சடங்கு. அதற்கு ஆட்களை எழுப்பிக் கூப்பிடக் கொம்பு ஊதுகிறவன் ரபாயேல். பதினோரு வருஷமாக ஊதுகிறான். வெள்ளைக்காரத் துரை ஒருவன் நாய்களைக் கூட்டிக்கொண்டு மரை வேட்டைக்குப் போனபோது ஊதிய பித்தளைக் கொம்பு அது. நேராக, ஒரு கை நீளம் இருக்கும். அதற்கும் முன்னால் தோட்டத்தில் எருமைக் கொம்பு ஒன்று இருந்தது. அதை இன்னொரு துரை சீமைக்குப் போகும்போது சுவரில் மாட்டக் கொண்டு போய்விட்டான். பித்தளைக் கொம்பு சொட்டையாக இருந்ததால் தப்பியது.

ஊசிமலைக் குளிரில் பித்தளை ஐஸாகிவிடும். ஐஸ் பித்தளையில் உதட்டை வைத்தால் உதடு மரத்துப்போகும். ஊதினால் சத்தம் வராது, வந்தாலும் செத்த சத்தமாக வரும். ஆகவே ரபாயேல் எழுந்தவுடன் கொம்பின் ஊதுவாயைக் கழற்றிக் கமக்கட்டில், அக்குள் சூட்டில், வைத்துக்கொள்வான். களத்துக்கு வந்ததும் குழாய்க்குள் சத்தமில்லாமல் பத்து மூச்சு விடுவான். பிறகு ஊதுவாயைப் பொருத்தி மூன்று முறை ஊதுவான். கீழ் டிவிசன் வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு ஆட்களைக் கொம்புக்கு முன்னாலேயே கூட்டியிருந்த மிஸ்டர் நோபர்ட் பேசி முடிக்கும்போது ரபாயேல் கமக்கட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான்.

"என்ன மேன் உள்ளுக்கு? முட்டையா?"

"ஊதுவாய்ங்க ஐயா. சூடு காட்டுறேன்."

"சூடு காட்டுறியா? நீ என்ன அடக்கோழியா?" மிஸ்டர் நோபர்ட் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீங்களா? இதுதான் தோட்டக்காட்டுப் பழக்கம். அரசாங்கத்துக் கொம்ப நாத்தம் புடிச்ச கமக்கட்டுல வச்சு அடைகாக்குறான். எந்த நாட்டுலயாவது இது நடக்குமா?"

அந்த வினாடியிலிருந்து ரபாயேலுக்கு மாத்தளை அரசாங்கக் கச்சேரி வட்டாரம் முழுவதும் அடைக்கோழி என்று பேர்.

மிஸ்டர் நோபர்ட் மாத்தளை டவுன்காரர். அலுவிகாரைப் பக்கம் வீடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்வரிசை. தோட்டத்து ஆட்களும் தாமும் ஒரே பாஷை பேசுவது தற்செயல் என்பது அவர் கருத்து. அவர் வேலை பார்த்த இடத்துக்குத் தோட்ட ஒலி ஒழுங்குச் சபை என்று பெயர். முத்துமாரியம்மன் கோயில் மேளம் கேட்கிற தூரத்தில், ஒரு மாடியில் இருந்தது. அதில் பதினான்கு உத்தியோகத்தர்களும் இரண்டு காற்றாடிகளும் இருந்தன, கொம்பு இருக்கவில்லை. நீள ஒலிப் பிரிவு, குறு ஒலிப் பிரிவு, மௌனப் பிரிவு என்று மூன்று பிரிவுகள். மௌனப் பிரிவில்தான் கோப்புகள் அதிகம்.

அடுத்த வாரமே சபையின் விதிகள் தோட்டத்துக்கு வந்தன. ஏழாம் விதி இது: "ஊதுவதற்கு முன்னர் கொம்பை உடற்சூட்டாலோ, மூச்சுச் சூட்டாலோ, வேறெந்தச் சூட்டாலோ சூடாக்கலாகாது. ஒலி தராத மூச்சு விரயமான மூச்சாகும்."

மிஸ்டர் நோபர்ட் அதை விளக்கவும் நேரில் வந்தார்.

"காலையில இவன் பத்து மூச்சு சும்மா விடுறான். வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். இருபத்திரண்டு தோட்டத்துக்குப் பெருக்கிப் பாருங்க. அது யாரோட மூச்சு?"

"என்னோட மூச்சுதாங்க ஐயா," என்றான் ரபாயேல். கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டான்.

"வேல நேரத்துல விடுற மூச்சு அரசாங்கத்தோடது மேன்."

ரபாயேல் அன்று வேலை நேரம் முடியும்வரை கொஞ்சம் பயந்து பயந்துதான் மூச்சு விட்டான்.

பழைய கொம்பைச் சபை எடுத்துக்கொண்டு புதிய கொம்பு தருவதாகச் சொல்லியது. நீளமான கொம்பின் சத்தம் தூரம் போகும் என்று நீள ஒலிப் பிரிவில் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். ஆகவே கொம்பு வாங்குவதற்கான கேள்விப் பத்திரத்தில் "பித்தளைக் கொம்பு, பன்னிரண்டடி நீளத்துக்குக் குறையாதது" என்று போட்டார்கள். பன்னிரண்டடிக்கு நேர்ப் பித்தளைக் கொம்பு விற்க ஒருத்தனும் அகப்படவில்லை. ஒரு நாட்டில் மட்டும், பெரிய மண்டபங்களில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் ஒன்று இருந்தது. குழாயை விரித்துப் போட்டால் சரியாகப் பன்னிரண்டடி. ஆனால் அது ஜிலேபி மாதிரிச் சுருண்டு, மூன்று சாவிகளோடு, ஒரு கூடை அகல வாயோடு இருந்தது. அப்படி இருபத்திரண்டு ஜிலேபிகள் மாத்தளை ரயில் நிலையத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.

சபையில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை அடிக்கு மேல் போகவில்லை. ஏமாற்றுவேலை என்று ஒரு கொம்பை நிமிர்த்திப் பார்க்க உத்தரவானது. இரண்டு நாள் நிமிர்த்தினார்கள். பன்னிரண்டடி இருந்தது. சபைக்குத் திருப்தி. நிமிர்த்தப்பட்ட கொம்பு மௌனப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.

மிச்சம் இருபத்தொன்றுக்கும் சபையின் பெயர் பொறித்த தகடு அடிக்கப்பட்டது. களஞ்சியத்தில் இருந்தவர் மேசை, நாற்காலி, அலுமாரி எல்லாவற்றுக்கும் எப்படி அடிப்பாரோ அப்படியே அடித்தார்: துளையிட்டு, இரண்டு ஆணி, குழாயின் நடுவில்.

ரபாயேல் அந்தக் கொம்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் வால் என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சபைப் படியில் உட்கார்ந்திருந்தான். ஊதிப் பார்த்தான். தகட்டடியில் காற்றுப் போனது. நேரே பலீலின் பட்டறைக்கு நடந்தான். பலீல் மாத்தளைக் கடைத்தெருவில் பித்தளை வேலை செய்கிறவர். கல்யாண பேண்ட்காரர்களின் வாத்தியங்களுக்குச் சொட்டை எடுப்பார்.

பலீல் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

"அல்லாட காவல். யாரு இதுக்கு ஆணி அடிச்ச?"

"அரசாங்கம்."

"சரி, அப்ப கேட்டு வேலயில்ல." பலீல் துளையை அடைக்க ஈயத்தை உருக்கினார். "இது நாட்டியம் நாடகத்துக்கு வாசிக்கிற சாமான். மலையில இத வச்சு நீங்க என்ன செய்யப் போற?"

"ஆள் கூப்பிட."

பலீல் உருக்கியை வைத்துவிட்டு அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "ஒண்டு கேளுங்க தம்பி. உங்கட பழைய கொம்புக்குப் பத்து மூச்சு சூடு போதும். இது பன்னிரண்டடி. காத்து சுத்தி வரவே நேரமெடுக்கும். இந்தக் குளிருக்கு நல்லா சூடு காட்டாட்டி இதுல ஒரு சத்தமும் வராது."

"சூடு காட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்குங்க."

"எங்க போட்ட சட்டம்?"

"இங்கதான். மாத்தளையில."

பலீல் வெயிலில் காய்ந்த தெருவைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இங்க இருந்து போட்டா அப்பிடித்தான் ஈக்கும்," என்றார்.

மறுநாள் ரபாயேல் சட்டப்படி ஊதினான். கமக்கட்டில் வைக்கவில்லை, மூச்சு விடவில்லை. குளிர்ந்த பித்தளையை அப்படியே உதட்டில் வைத்து ஊதினான். கூடை வாயிலிருந்து ஒரு நீண்ட முனகல் புறப்பட்டு, நடுவில் உடைந்து, கடைசியில் அழுதது.

முதல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற காத்தாயி கயிற்றோடு ஓடி வந்தாள். பின்னால் நாலு பேர் சாக்கும் சுடுதண்ணியுமாக வந்தார்கள்.

"எங்கடா மாடு? தலைகீழா மாட்டிக்கிச்சா கன்னு?"

"மாடு இல்ல காத்தாயிக்கா. கொம்பு."

காத்தாயி சுருண்டு கிடந்த பித்தளையைப் பார்த்தாள். "இதுவா? ஏண்டா ரபாயேலு, பசு கஷ்டப்படுதுன்னு எந்திரிச்சு ஓடி வந்தா, குடலை வெளிய எடுத்துக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற?"

அன்று பெரட்டு நாற்பது நிமிஷம் தாமதம். பாதிப் பேர் மாட்டைத் தேடி ஆற்றுப்பக்கம் போய்விட்டார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ரபாயேல் யாரும் பார்க்காமல் கம்பளிக்குள் ஊதுவாயை வைத்து, பத்துக்குப் பதினைந்து மூச்சு விட்டு ஊதினான். மலை முழுவதும் பளீரென்று கேட்டது. ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். தோட்ட அலுவலகத்துக்கு மேலே ரோட்டில் நின்ற மிஸ்டர் நோபர்ட்டின் ஜீப்புக்கும் கேட்டது. சத்தம் நன்றாக இருந்ததைக் கொண்டுதான் விதி மீறப்பட்டது என்று அவர் கண்டுபிடித்தார்.

விசாரணைக்கு மாத்தளைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கூடவே இன்னொரு தாளும் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். பத்துச்சீட்டு. பத்துச்சீட்டுக் கொடுத்தால் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பேர் வெட்டியாயிற்று என்று அர்த்தம். பேர் இல்லாதவனுக்கு லயத்தில் காம்பரா இல்லை. போன வருஷம் பேர் வெட்டப்பட்ட குடும்பம் ஒன்று, சட்டி பானையோடு எல்கடுவை ரோட்டோரத்தில் தகரத்தைச் சாய்த்து அதற்குள் கிடந்தது. ரபாயேலுக்கு மூன்று பிள்ளைகள்.

அவன் மனைவி சூசையம்மா வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் கொடுத்தாள்.

"ஏங்க, அங்க போயி வாயத் தொறக்காதீங்க. என்ன கேட்டாலும் சரிங்க ஐயான்னு சொல்லுங்க. அன்னிக்கி மூச்சு யாரோடதுன்னு கேட்டதுக்கே பதில் சொன்ன ஆளு நீங்க."

"கேட்டாரு, சொன்னேன்."

"அதத்தான் சொல்றேன். கேட்டா சொல்லாதீங்க."

விசாரணை மேல் மாடியில், காற்றாடிக்குக் கீழே நடந்தது. மிஸ்டர் நோபர்ட் குற்றம் சாட்டினார், மிஸ்டர் நோபர்ட் சாட்சி சொன்னார், மிஸ்டர் நோபர்ட் தீர்ப்பும் சொல்ல வேண்டும். மூன்று வேலைக்கும் அவர் மூன்று நாற்காலி போட்டிருந்தார். மாறி மாறி உட்கார்ந்தார். ஓரத்தில் மார்ஜரி என்ற சுருக்கெழுத்துக்காரி இருந்தாள். அந்த அறையில் சொல்லப்படுகிற எதுவும் எழுதப்படும். எழுதப்பட்டது கட்டாயம் நடத்தப்படும் என்பது சபையின் முதல் விதி. மார்ஜரி தும்மலையும் எழுதுகிறவள்.

"முதலாவது குற்றம், சூடாக்கல். ரெண்டாவது, அரசாங்கத் துளைய அனுமதியில்லாம அடைச்சது. மூணாவது, ஊதி முடிஞ்சதும் கொம்பத் தலைகீழாப் புடிச்சுத் தண்ணி கொட்டினது. அந்தத் தண்ணி எங்கருந்து வந்திச்சு?"

"மூச்சுலருந்துங்க ஐயா. உள்ளுக்குப் போற மூச்சு தண்ணியாகிடும்."

"அப்ப அரசாங்க மூச்ச நீ கீழ கொட்டியிருக்க." மிஸ்டர் நோபர்ட் சாட்சி நாற்காலிக்கு மாறி, ஆமாம், கொட்டினதை நான் பார்த்தேன் என்றார். பிறகு தீர்ப்பு நாற்காலிக்கு வந்து பெருமூச்சு விட்டார். "இந்தச் சபை வர்றதுக்கு முன்னால கொம்பு எதுக்கு ஊதினாங்க? ஆள் வரணும்னு. எவ்வளவு கேவலமான நோக்கம்! ஆள் வந்தாலும் வராட்டியும் கொம்பு முறைப்படி ஊதப்படணும். ஆள் வர்றது வேற திணைக்களத்தோட வேல. நாலு ஆள் வரட்டும், நாப்பது ஆள் வரட்டும், ஒருத்தனுமே வராட்டாலும் எங்களுக்குக் கவல இல்ல. எங்க கையேட்டுல 'ஆள்' என்கிற சொல்லே கிடையாது."

மார்ஜரி எல்லாவற்றையும் எழுதினாள்.

"நீ சொல்ல ஏதும் இருக்கா?"

சூசையம்மா சொல்லி அனுப்பியது ரபாயேலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற வியாதி அவனுக்கு.

"எனக்கு வெளங்கலீங்க ஐயா. ஐயா ஒருக்கா எங்க மலைக்கு வந்து, விடியக்காலையில, சூடு காட்டாம ஊதிக் காட்டினா நான் பாத்துப் பழகிக்குவேன்."

மார்ஜரி அதையும் எழுதி, அடியில் கோடு போட்டாள். எழுதப்பட்டது நடத்தப்பட வேண்டும். மிஸ்டர் நோபர்ட் மூன்று நாற்காலிகளையும் பார்த்தார். எதிலும் அதற்கு வழி இல்லை.

"சரி," என்றார். "சபைத் தவிசாளர் முன்னிலையில ஊதிக் காட்டுவேன். நான் மூணு ஊதல் ஊதி முடிச்ச அதே எடத்துல உனக்குப் பத்துச்சீட்டு."

அதன் பிறகு மூன்று வாரம் மிஸ்டர் நோபர்ட் சபையின் மொட்டை மாடியில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பழகினார். மாத்தளை வெயிலில் பித்தளை தானாகவே கொதித்துக் கிடந்தது. முதல் வாரம் கோயில் புறாக்கள் போய்விட்டன. மூன்றாம் வாரம் மூன்று ஊதல் ஒழுங்காக வந்தது. "பாத்தியா? சூடும் இல்ல, கீடும் இல்ல," என்று சட்டையைப் பிழிந்துகொண்டே மார்ஜரியிடம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. ஊசிமலையில் அன்றைக்கு அடித்த குளிரில் நாய்கள்கூடக் குரைப்பதைத் தள்ளிப்போட்டிருந்தன. தவிசாளர் குரங்குத் தொப்பிக்குள் இரண்டு கண்ணாக நாற்காலியில் இருந்தார். ஆட்கள் கம்பளிக்குள் நடுங்கி நின்றார்கள். ரபாயேலும் சூசையம்மாவும் முன்னால். பிள்ளைகளின் உடுப்பை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள் அவள்.

மிஸ்டர் நோபர்ட் கோட்டும் டையுமாகக் கொம்பை ஏந்தி நின்றார்.

"தவிசாளர் அவர்களே, நூறு வருஷமாக இந்த மலையில் அறியாமை ஊதியது. இன்று முதல் ஒழுங்கு ஊதும். பித்தளைக்குக் குளிர் தெரியாது. குளிர் என்பது கீழ்ப்படியாத மனசுக்குத்தான் தெரியும்."

ஊதினார். புஸ் என்றது.

மறுபடி ஊதினார். சைக்கிள் டியூப்பில் காற்றுப் போகிற சத்தம் வந்தது.

"பஸ் ரிவர்ஸ் எடுக்குதா?" என்று பின்வரிசையிலிருந்து காத்தாயி கேட்டாள்.

மிஸ்டர் நோபர்ட்டின் உதடு நீலமாகியிருந்தது. மூன்றாவது முறை சத்தமே வரவில்லை. தவிசாளரின் கண்கள் கைக்கடிகாரத்துக்குப் போயின. "மிஸ்டர் நோபர்ட், இது எந்தப் பிரிவு?" என்றார்.

"ஒலி தோன்றாதவிடத்துப் பத்து நிமிஷ ஒத்திவைப்பு, ஐயா. பதினேழாம் விதி," என்றார் மிஸ்டர் நோபர்ட். கொம்பைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் விரைந்தார்.

ரபாயேலும் போனான். கொம்புக்குப் பொறுப்பாளி கொம்பைக் கண்ணிலிருந்து விடக் கூடாது; அதுவும் ஒரு விதி.

மடுவத்துச் சுவரோரம் இருவரும் நின்றார்கள். மிஸ்டர் நோபர்ட் அவனைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே ஊதுவாயைக் கழற்றினார். கோட்டுப் பைக்குள் போட்டார். எடுத்தார். இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"அப்பிடிச் சரிவராதுங்க ஐயா," என்றான் ரபாயேல். ஒருவரும் கேட்காமலே அவன் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. "கமக்கட்டுல. சட்டைக்கு உள்ளுக்கு. தோலுல படணும்."

மிஸ்டர் நோபர்ட் டையைத் தளர்த்தினார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்பையில் கடதாசிகள் புடைத்துக்கொண்டு கையை விடவில்லை. அவற்றை உருவி, "இதக் கொஞ்சம் புடி," என்று நீட்டினார். ஊதுவாயைக் கமக்கட்டில் செருகினார். குளிர் பட்டதும் கோழி மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"எத்தன மூச்சு?"

"முன்னெல்லாம் பத்து. இந்தக் குளிருக்குப் பதினஞ்சு."

மிஸ்டர் நோபர்ட் குழாயில் வாயை வைத்துச் சத்தமில்லாமல் முதல் மூச்சை விட்டார்.

ரபாயேல் கையில் இருந்த கடதாசிகளைப் பார்த்தான். மேலே பேச்சு. அதற்கடியில் விதிக் கையேடு. அதற்கடியில் சபையின் முத்திரை விழுந்த ஒரு சீட்டு. அவன் பேர், அவன் செக்ரோல் நம்பர், கீழே கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. அவன் பேச்சையும் கையேட்டையும் சுவர்மேல் ஒழுங்காக வைத்தான். சீட்டை நாலாக மடித்துக் கம்பளிக்குள், இடுப்பு முடிச்சில் செருகினான்.

மிஸ்டர் நோபர்ட் அதைப் பார்த்தார். புருவம் மேலே ஏறியது. கை அசைந்தது; ஆனால் கையை எடுத்தால் கமக்கட்டிலிருந்து ஊதுவாய் விழும். வாயோ குழாயில் இருந்தது. ஒன்பதாவது மூச்சு நடந்துகொண்டிருந்தது. மடுவத்துக்கு அந்தப் பக்கம் தவிசாளர் இருமுவது கேட்டது.

"எண்ணிக்கைய விட்டுறாதீங்க ஐயா," என்றான் ரபாயேல்.

மிஸ்டர் நோபர்ட் கண்ணை மூடிக்கொண்டார். கமக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், பத்தாவது மூச்சை விட்டார்.